கூப்பிட்டுக்கொண்டே முட்டிய ஆடு

நிம்மி,

ரசம் ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடு. இந்தக் காகிதத்தை அப்புறம் பிரித்தால் போதும். அம்மா இதைத் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். மஞ்சள் கறை பட்டிருந்தால் என்னைக் கேட்காதே. நம் பொம்மனஹள்ளி வீட்டுக்கும் நீ இருக்கும் மல்லேஸ்வரம் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கடலா இருக்கிறது, நேரில் வந்து சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நேரில் நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று நேற்றே பார்த்துவிட்டாய். பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் நிதானம் வருகிறது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. இரும்பை அறுத்தே வளர்ந்தவன். அறுக்க வேண்டிய இடத்தில் அறுத்துவிட்டு, மீதியை எழுதுகிறேன்.

நேற்று அந்தக் குறைமாதக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நீ சக்கர நாற்காலியில் இருந்தாய். உள்ளே பெட்டிக்குள் உன் மகள். ஒன்றரைக் கிலோ, மூக்கில் குழாய், தலையில் பெரிதாக ஒரு கம்பளிக் குல்லாய். நர்ஸ் உன்னை உள்ளே வரச் சொன்னார். நீ அசையவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா, எனக்கு ஒண்ணுமே தோணலப்பா. யாரோட பேபியோ மாதிரி இருக்கு. எனக்கு உள்ள போக வேணாம். ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடு” என்றாய். பிரசவம் கஷ்டம் என்று தெரியும், குழந்தை முந்திப் பிறந்ததும் தெரியும். ஆனால் இந்த வார்த்தை உன் வாயிலிருந்து வரும் என்று நான் எந்தக் கணக்கிலும் போட்டு வைத்திருக்கவில்லை. “பெத்தவ பேசற பேச்சா இது?” என்று கேட்டுவிட்டேன். சின்னக் குரலில் இல்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியை நீயே திருப்பிக்கொண்டாய்.

திரும்பிப் போகும் பஸ்ஸில் உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சில்க் போர்டு சிக்னலில் பஸ் வழக்கம் போல நின்றுவிட்டது. அப்போது வெளியே பார்த்தபடியே சொன்னாள்: “ஜிமிக்கிய திட்டினீங்களே, அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல.” பதினேழு பதினெட்டு வருஷம் கழித்து, அதே ஆள், அதே வாய், அதே வார்த்தை. அன்று ஆட்டிடம், நேற்று மகளிடம்.

ஜிமிக்கியை உனக்கு ஞாபகம் இருக்கும். பெயர் வைத்ததே நீதான். ஆனால் அப்போது உனக்கு ஆறு வயது; பாதிதான் பார்த்தாய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். அம்மாவைத்தான் சொல்லச் சொன்னேன். “நீங்களே எழுதுங்க, எனக்கு வாயில வராது. ஆனா ஒண்ணும் விடாம எழுதுங்க” என்று சொல்லிவிட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது கூட ஆகவில்லை. டிப்ளமா முடித்துவிட்டு ஹோசூர் ரோட்டை ஒட்டிய ஒரு டூல்ரூமில் இரும்பு அச்சு செய்யும் வேலை. நம் வீட்டுக்குப் பின்னால் அப்போது கட்டடமே கிடையாது. கல் நட்டு, நம்பர் எழுதி, ஆள் வராத சைட்டுகள்; இடுப்புயரப் புல். என்னோடு லேத்தில் நின்ற சன்னப்பா தன் ஊர்ப் பண்டிகைக்கு என்னை அழைத்துப் போனான். பன்னூர்ப் பக்கம். அங்கேதான் அந்தச் செம்மறிகளைப் பார்த்தேன். குட்டைக் கால், பீப்பாய் உடம்பு, பின்னாலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த லாடம். தொண்டைக்குக் கீழே இரண்டு சதைத் தொங்கல்கள் ஆடிக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் உயரமான வெளியூர்க் கிடாவோடு சேர்த்துவிடுகிறார்கள், அசல் பன்னூர் குறைந்துகொண்டே வருகிறது என்று சன்னப்பாவின் அண்ணன் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஓடுகிற டிசைனில் கைவைக்கிறவனைக் கண்டால் எனக்கு எப்போதும் ஆகாது. அசல் லட்சணம் பார்த்து ஐந்து பெட்டையும் ஒரு கிடாவும் பொறுக்கி டெம்போவில் ஏற்றி வந்து இறக்கினேன். வாசலில் நின்ற உன் அம்மா, “ஏங்க, ஃப்ரிட்ஜ் வாங்கத்தானே சேத்து வெச்சோம்?” என்றாள். “இதுவும் வெள்ளையாத்தான் இருக்கு” என்றேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் குரி இன்ஜினியர். கன்னடத்தில் செம்மறிக்குக் குரி என்று பேர். நம்ம தமிழ் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஆடு வளர்க்கத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. மெஷினைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். முதல் வாரம் ஒவ்வொன்றையும் தனியாக ஒரு அறையில் அடைத்து, குளம்பு, பல், மடி என்று சோதிக்க நினைத்தேன். முதலில் அடைத்த பெட்டை கதவில் மோதி மோதி மூக்கில் ரத்தம் வரவைத்துக்கொண்டது. அடிக்கவில்லை, மிரட்டவில்லை, மற்றவை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். செம்மறிக்குத் தனிமையே ஒரு நோய் என்று அன்று விளங்கியது. அடுத்து கிடா. பக்கத்து சைட்டில் பந்தல் போட்டு ஒரு கல்யாணம் நடந்தது. மிச்சச் சோற்றை மூலையில் குவித்திருந்தார்கள். கிடா போய் மொக்கியது. அன்னம்தானே, நல்லதுதானே என்று நான் வேடிக்கை பார்த்தேன். மறுநாள் வயிறு பறையாக உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்தது, எழவே இல்லை. புல்லுக்கென்று அமைந்த வயிற்றில் அத்தனை சோறு புளித்து விஷமாகிவிட்டது. நம்மை வாழவைக்கிற சோறு ஒரு ஆரோக்கியமான கிடாவைக் கொல்லும் என்பதை என்னால் பல நாள் நம்ப முடியவில்லை. அதற்குள் ஒரே ஒரு பெட்டைதான் சினை பிடித்திருந்தது. தொங்கல் இரண்டும் காதணி போல் ஆடுகிறதே என்று நீ ஜிமிக்கி என்று கூப்பிட்ட மூன்றாம் நம்பர். அவள் வயிற்றில் இருந்ததுதான் அந்தக் கிடாவின் ஒரே வாரிசு. அது போனால் என் அசல் மந்தையும் போச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீயும் அம்மாவும் விவேக் நகர் கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தபோது ஜிமிக்கி ஈன்றாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கிடாக்குட்டி. உடம்பெல்லாம் மஞ்சள் கோழை, வைக்கோல் ஒட்டி, நடுங்கிக்கொண்டு கிடந்தது. டூல்ரூமில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷினிலிருந்து எந்தப் பாகம் இறங்கினாலும் உடனே துடைத்து, கழுவி, பிசிறு இல்லாமல் சுத்தமாக்கித்தான் மேஜையில் வைப்போம். அழுக்கோடு வைத்தால் துரு ஏறும். கை தானாக அதைத்தான் செய்தது. ஜிமிக்கி நக்க ஆரம்பிப்பதற்குள் குட்டியைத் தூக்கிவந்து, வெந்நீர் வைத்து, சிவப்பு சோப்புப் போட்டு இரண்டு தடவை குளிப்பாட்டினேன். துண்டால் துவட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். குட்டி பஞ்சு மாதிரி வெளுத்து, காய்ந்து, தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்கு என்ன பெருமை தெரியுமா? மத்தியானம் நீங்கள் வந்து சமையலறையில் பார்த்தீர்கள். அம்மா மோந்து பார்த்துவிட்டு, “நாங்க பூசைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இதுக்கு ஞானஸ்நானமே குடுத்துட்டீங்களா?” என்று சிரித்தாள். கொட்டகையில் ஜிமிக்கி காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தாள். இதோ வந்துட்டான் உன் பிள்ளை என்று கொண்டுபோய் அவள் முன் இறக்கினேன்.

ஓடி வந்தாள். முகத்தை மோந்தாள். சுற்றிப் போய் வாலுக்குக் கீழே மோந்தாள். இரண்டடி பின்னால் போனாள். தலையைத் தாழ்த்தினாள். அடுத்த நொடி குட்டி செங்கல் சுவரில் போய் விழுந்தது.

தவறுதலாக முட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் கொண்டுபோய் விட்டேன். மறுபடியும் அதே முட்டு, இன்னும் பலமாக. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஜிமிக்கி, அது உன் பாப்பாடி! உன் பாப்பா!” என்று அலறினாய். தாய் என்றால் பூமி இழுப்பது போல, மேலே போட்டது கீழே விழுவது போல என்று நினைத்திருந்தவன் நான். அந்த விதி என் கண் முன்னால் உடைந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்துதான் வந்தது. காலடியில் குட்டி துடித்துக்கொண்டிருக்க, ஜிமிக்கி அதன் தலைக்கு மேலாகச் சமையலறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள். தன் குட்டியைக் கூப்பிட்டாள், நிம்மி. முட்டித் தள்ளிய அதே குட்டியை, அந்தக் கட்டிய தொண்டையோடு, சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அது பக்கத்தில் போனால் முட்டினாள். அது விலகினால் கூப்பிட்டாள்.

மூன்று பேரும் சேர்ந்து அவளைப் பிடித்து அமுக்கி, சீம்பால் கறந்து, உன் பழைய பால் புட்டியில் ஊட்டினோம். மறுநாள் கறக்க விடவில்லை. மாட்டுப்பால் கொடுத்தோம், குட்டிக்குக் கழிச்சல் கண்டது. கண் உள்ளே போய்விட்டது. டூல்ரூமில் சன்னப்பாவிடம் கேட்டேன், “உங்க ஊர்ல இதுக்கு என்னதான் பண்ணுவாங்க?”

“என்னைப் போய் கேக்கறியே குரு! ஆடு தட்டுக்கு வந்த அப்புறம்தான் எனக்கும் அதுக்கும் பழக்கம். பிடு குரு, விட்டுத் தள்ளு. தாயை வித்துடு, குட்டிய மறந்துடு, ஃப்ரிட்ஜ் வாங்கு. வீட்டுல சிஸ்டராவது சந்தோஷப்படுவாங்க.”

விட்டுத் தள்ள என்னால் ஆகவில்லை. யோசித்தேன். அவள் முகர்ந்து பார்த்துத்தான் முட்டுகிறாள். முகர முடியாவிட்டால்? முட்டத் தலை திரும்பாவிட்டால்? எங்கள் வேலையில் ஒரு பாகம் அசையாமல் இருக்க அதை ஒரு சட்டத்தில் பிடித்துக்கொள்வோம், ஃபிக்சர் என்போம். சூப்பர்வைசரைக் கேட்டு, கழிவு ஆங்கிள் இரும்பில் ஒன்று செய்தேன். கழுத்துக்கு இருபக்கமும் இரண்டு கம்பி, நடுவில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட். அவள் நிற்கலாம், படுக்கலாம், தின்னலாம், தண்ணீர் குடிக்கலாம். திரும்ப மட்டும் முடியாது. முன்னால் நடந்ததை மறக்காமல், மற்ற நான்கும் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நட்டேன். குட்டியைப் பின்பக்கமாக விட்டு, உதைக்கிற காலை நான் பிடித்துக்கொண்டேன். அவன் மடியைத் தேடிப் பிடித்துவிட்டான். வால் படபடவென்று ஆடியது. அவளோ மறுபடியும் கதவைப் பார்த்துக் கத்தினாள். எனக்கு வெறி வந்துவிட்டது. கையில் ஸ்பேனரோடு அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்று, “பெத்தவ பண்ற காரியமாடி இது? பெத்தவ பேசற பேச்சா இது? என்ன ஜென்மம் நீ?” என்று கத்தினேன்.

உன் அம்மா கொடியிலிருந்து எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். எனக்குத் தெரியாது. “அவள ஏன் திட்றீங்க? அவளுக்குத் தெரியல, அவ்ளோதான்” என்றாள்.

“அது எப்படி பெத்தவளுக்குத் தெரியாம போவும்?”

“எனக்குத் தெரியலையே.” சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு குறைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. “நிம்மிய கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்து எடுத்துக் குடுத்தாங்க இல்ல? பக்கத்து வூட்டுக் கொழந்தைய வெச்சிக்கிற மாதிரி இருந்துச்சி. நர்ஸம்மா பாத்துக்கினு நின்னாங்களேன்னு ஒரு முத்தம் குடுத்தேன். வூட்டுக்கு வந்தப்புறமும் அப்படித்தான். குளிப்பாட்டுவேன், பால் குடுப்பேன். உள்ள ஒண்ணும் இருக்காது. பாவம் பண்ணிட்டேன்னு கோயிலுக்குப் போனா, அங்கயும் மாதா மடியில கொழந்தைய வெச்சிக்கினு என்னையே பாக்கறாங்க. எங்கங்க போவேன்?”

ஸ்பேனர் என் காலில் விழுந்தது. வலித்ததா என்று கூட நினைவில்லை. நீயும் குறைமாதம் என்பது உனக்குத் தெரியும், இது தெரியாது. எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். அவள் பேசாமல் இருந்ததை அலுப்பு என்று நினைத்தேன். கேட்கத் தெரியவில்லை. அப்போது கூட என் வாயில் வந்தது என்ன தெரியுமா? “எத்தனை நாள் இருந்துச்சி அப்படி?” மெக்கானிக் கேள்வி.

“யாரு எண்ணினா? ஒரு நாள் இவள எங்க அம்மாகிட்ட விட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். பஸ்ல பின்னாடி ஒரு கொழந்த அழுவுது. திரும்பாமலே, இது என் புள்ள இல்லன்னு தெரிஞ்சிச்சி. எப்படித் தெரிஞ்சிச்சின்னு எனக்கே தூக்கிப் போட்டுடுச்சி. ஐயோ வந்துட்டுதுடா சாமின்னு அழுதுட்டேன். கண்டக்டர், டிக்கெட் தொலஞ்சிடுச்சான்னு கேக்கறாரு.” சிரித்தாள். பிறகு ஜிமிக்கியின் நெற்றியைத் தேய்த்துவிட்டு, “கத்தறா இல்ல, பாருங்க. புள்ள வேணாம்னா ஏன் கத்தப் போறா? இருங்க, வரும்” என்று சொல்லிவிட்டுத் துணியோடு உள்ளே போனாள்.

எப்படி வந்தது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தாயின் பால் குட்டிக்குள் போய், குட்டியின் உடம்பு வழியாக வாசனையாக வெளியே வருகிறது. சோப்பு தின்ற வாசனையைப் பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது. ஒரு சாயங்காலம் போல்ட்டைக் கழற்றினேன். முட்டினால் குட்டியை இழுத்துக்கொள்ள அம்மா துண்டோடு நின்றாள். குட்டி அடியில் புகுந்தான். ஜிமிக்கி திரும்பினாள், வாலடியில் மோந்தாள். அவள் ஒன்றுமே செய்யவில்லை. முகத்தைத் திருப்பிப் புல்லைத் தின்றாள். மேளம் கொட்டவில்லை, கண்ணீர் இல்லை. ஒரு வாய் புல். எனக்கு ஏமாற்றமாகக் கூட இருந்தது. பெற்ற குட்டியிடம் மட்டும் வாயைத் திறக்காமல் ஒரு முனகல் முனகும் செம்மறி. அதை நான் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து நீதான் பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்து, “அப்பா, ஜிமிக்கி பாப்பாகிட்ட ம்ம்ம்னு பேசறா” என்று சொன்னாய். அந்தக் குட்டிதான் வளர்ந்து மந்தைக்குக் கிடாவானான். நம் வீட்டுக்குப் பின்னால் அடுக்குமாடி எழும்பும் வரை, அந்த சைட்டுகளில் குட்டைக் காலோடு மேய்ந்ததெல்லாம் அவன் வம்சம்.

இப்போது உனக்கு. உன்னைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. அந்த ஃபிக்சர் அவள் மனசை மாற்றவில்லை. முட்டாமல் நாளைக் கடத்தியது, பால் உள்ளே போக வழி விட்டது. அவ்வளவே. நர்ஸ் வேளை தவறாமல் பால் எடுத்துக் கொடு, பெட்டியின் ஓட்டைக்குள் கை விட்டுத் தொடு என்கிறாரே, அதுவும் அந்த மாதிரிதான். தோன்றினால்தான் தொடுவேன் என்று உட்கார்ந்திருக்காதே. கையை நன்றாகக் கழுவிக்கொள். ஆட்டுக்கும் நமக்கும் அந்த வித்தியாசம் உண்டு. நேற்று என்னிடம் சொன்னதை அப்படியே டாக்டரம்மாவிடம் சொல். அவர் கத்த மாட்டார். உன் அம்மா ஆறு வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் தனியாக அடைபட்டு மோதிக்கொண்டிருந்தாள். உனக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. நேற்று நான் கோபத்தில் முன்னால் நடந்துவிட்டேன். ஆனால் காது கேட்டது. லிஃப்ட் பக்கம் அம்மா உன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது, நீ நர்ஸை நிறுத்தி, “அந்தக் குல்லா பெருசா இருக்கே, காது மூடியிருக்கா?” என்றாய். அவர் பார்க்கிறேன் என்றார். லிஃப்ட் கதவு திறந்த பிறகு கையால் மறித்துக்கொண்டு திரும்பவும் கேட்டாய். யாரோட பேபியோ என்று சொன்ன அதே வாய்தான். எனக்கு அது பஸ்ஸில்தான் உறைத்தது. நீ கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாய், நிம்மி.

இந்த வரிகளை அந்த லிஃப்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ரசம் ஆறுது, கொடுங்க என்று அவசரப்படுத்துகிறாள். நான் இங்கேயேதான் இருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். உள்ளே போனாலும் சரி, கண்ணாடி வரை வந்து திரும்பினாலும் சரி, நாற்காலியை நான் தள்ளுகிறேன்.

குல்லாய் இரண்டு காதையும் மூடியிருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா